பச்சைப் புடவைகளெல்லாம் இந்தப் பக்கம்

யாரும் இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை, அதற்குள் கைதட்டச் சொல்கிறார்கள். காதில் கருப்பு மிஷின் மாட்டிக்கொண்டு நிற்கிற ஷைலு என்ற பெண் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினால் தட்ட வேண்டும், மடக்கினால் நிறுத்த வேண்டும். "அம்மா, பேருக்குத் தட்டாதீங்க, ஃபீல் பண்ணித் தட்டுங்க, பின்னாடி எடிட்டிங்ல அங்கங்க சேர்த்துக்குவோம்" என்கிறாள். எதை ஃபீல் பண்ணுவது? எதிரே காலி சோபா. பேச வேண்டியவர்கள் இன்னும் மேக்கப் அறையில் இருக்கிறார்கள். நானும் தட்டுகிறேன், பல்லைக் காட்டிக்கொண்டு. கோவில்பட்டியில் பள்ளிக்கூட ஆண்டுவிழாவுக்கு முதல் நாள் பிள்ளைகளை வெயிலில் உட்காரவைத்து, சிறப்பு விருந்தினர் வந்தால் எப்படித் தட்ட வேண்டும் என்று நானும் இப்படித்தான் கையைத் தூக்கி மடக்கிப் பழக்கினேன், அந்தப் பாவம் இந்த வயதில் சென்னைக்குத் தேடி வந்து பிடித்திருக்கிறது. காலையில் இந்த டிவி ஸ்டுடியோ வாசலில் நிற்கவைத்து எங்களை இரண்டாகப் பிரித்தார்கள். தலைப்பு, வயதான காலத்தில் பிள்ளைகளோடு சேர்ந்து இருப்பது சந்தோஷமா, தனியாக இருப்பது சந்தோஷமா. உங்களுக்கு எது சந்தோஷம் என்று கேட்டுப் பிரிப்பார்கள் என்று நான் நினைத்திருந்தேன், வாத்தியார் புத்தி. கேமராக்காரர் வந்து எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பச்சை, நீலப் புடவைங்கல்லாம் இந்தப் பக்கம், மஞ்சள், சிவப்பு, அரக்கெல்லாம் அந்தப் பக்கம்" என்றார். என்னைக் கூட்டிக்கொண்டு வந்த எதிர் ஃப்ளாட் ஃபிலோமினா கடுகு மஞ்சளில் வந்திருந்தாள். மூன்று பிள்ளைகளும் வெளிநாட்டில் இருக்க, ஒற்றை ஆளாக ஒரு டம்ளர் அரிசி பொங்கி இரண்டு வேளை சாப்பிடுகிற ஃபிலோமினா 'சேர்ந்து இருப்பது' பக்கம் போனாள். மகன், மருமகளோடு இருக்கிற நான் ராமர் பச்சை கட்டியிருந்ததால் 'தனியாக இருப்பது' பக்கம் வந்தேன். "பொருந்தலையேம்மா" என்று ஷைலுவிடம் சொன்னேன். "பொருந்தும்மா, ஃப்ரேம்ல சூப்பரா இருக்கும்" என்றாள். இந்தப் பச்சையை எடுத்துக் கொடுத்தது மருமகள் பிருந்தா. "டிவியில இது நல்லாத் தெரியும் அத்தை" என்று இஸ்திரி போட்டு, மடிப்புக்கு ஊக்கும் அவளே குத்திவிட்டாள். முழங்காலிட்டு உட்கார்ந்து கொசுவத்தைச் சரிசெய்தபோது அவளுடைய வகிட்டைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இன்னும் கொஞ்ச நாளில் எனக்கு யார் ஊக்கு குத்துவார்கள் என்று நினைத்தேன், கேட்கவில்லை.

கேட்கவில்லை, அதுதான். ஆவணி பிறந்ததும் நான் கோயம்புத்தூருக்கு அந்தப் பக்கம் இருக்கிற முதியோர் குடியிருப்புக்குப் போகப்போகிறேன். முதியோர் இல்லம் என்று சொல்லக் கூடாது, அங்கே சொன்னால் கோபித்துக்கொள்கிறார்கள், குடியிருப்பு. யார் என்னைப் போகச் சொன்னது? யாரும் சொல்லவில்லை. அதை எத்தனையோ தடவை மனதில் ஓட்டிப் பார்த்தாயிற்று, நூலின் முனை கிடைக்கவில்லை. மகன் கதிரேசனின் அப்பா போன பிறகு நான் இவர்களிடம் வந்தேன். ஒருநாள் சாயங்காலம், மழை பெய்து மின்சாரம் போயிருந்தது, மூன்று பேரும் இருட்டில் உட்கார்ந்திருந்தோம், "இந்த ஊர்ல பேச்சுத்துணைக்கு ஒரு ஆள் இல்லப்பா" என்று சொன்னேன். சும்மா சொன்னதுதான். கொசு கடிக்கிறது என்று சொல்வதில்லையா, அந்த மாதிரி. மகன் அதைப் பிடித்துக்கொண்டான். அவன் அப்பா மாதிரி, காதில் விழுந்ததைக் கீழே போட மாட்டான். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே, "எம்மா, எங்க ஆபீஸ்ல ஒருத்தரோட அம்மா அங்க போய்ச் சேந்திருக்காங்க, ஒரே கூட்டாளிக, பாட்டு, பஜனைன்னு நல்லா இருக்காங்களாம்" என்றான். ஆக, இவன் இதை யோசித்துவைத்திருக்கிறான், தட்டைப் பார்த்துச் சொல்கிறான் என்றால் கூச்சப்படுகிறான், பெற்ற பிள்ளையைக் கூச்சப்படவைக்கலாமா, நாமே முந்திக்கொள்வோம். "பாக்கலாமேப்பா, நல்லாத்தான் இருக்கும்" என்றேன். என்ன மாதிரிக் குரலில் சொன்னேன் தெரியுமா, சுற்றுலாவுக்குப் பேர் கொடுக்கிற பிள்ளை மாதிரி. அவன் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தான். நான் சிரித்தேன். அவனும் சிரித்தான். பிருந்தா குழம்புக் கரண்டியோடு நின்று என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அத்தைக்குப் பிடிச்சிருந்தா சரிதான்" என்றாள். அத்தைக்குப் பிடிச்சிருந்தா. அந்த வார்த்தை மட்டும் இன்னும் காதில் நிற்கிறது. பிடிக்கிறதா என்று கேட்டிருந்தால் ஒரு பதில் சொல்லியிருப்பேன். பிடிச்சிருந்தா சரி என்றால் என்ன பதில் இருக்கிறது?

அப்புறம் ஒரு நாள் காரை எடுத்துக்கொண்டு பார்க்கப் போனோம். வழியெல்லாம் மூன்று பேரும் ஒரே கலகலப்பு, யாரும் பேச்சை நிறுத்தவில்லை, நிறுத்தினால் ஏதோ வந்துவிடும் என்பது மாதிரி. அங்கே வேப்பமரம், பெஞ்சு, பூஜை அறை, கைப்பிடி வைத்த குளியலறை, எல்லாம் சுத்தம். என்னுடைய அறை என்று ஒன்றைத் திறந்து காட்டினார்கள். ஒரு கட்டில், ஒரு மேஜை, ஜன்னலுக்கு வெளியே மலை. "அடேயப்பா, மலை தெரியுது" என்று நான் சொன்னேன். "ஆமாம்மா, மலை தெரியுது" என்றான் கதிரேசன். "மலை தெரியுதே அத்தை" என்றாள் பிருந்தா. மூன்று பேரும் அந்த மலையை அவ்வளவு நேரம் பார்த்தோம். அது ஒரு மொட்டை மலை, ஒரு செல்போன் கோபுரம் நட்டிருந்தது. திரும்பும்போது காரில் யாரும் பேசவில்லை. அவர்களுக்கு நிம்மதி, அதனால் பேசவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன். வெள்ளக்கோவில் பக்கம் டீ குடிக்க நிறுத்தினபோது பிருந்தா இறங்கவில்லை, தலைவலி என்றாள். வேலை முடிந்துவிட்டது, இனிமேல் என்னோடு டீ குடிக்க வேண்டிய அவசியம் இல்லை என்று, வாய்விட்டுச் சொல்கிறேன், இதைத்தான் நான் நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க. ஆனால் அப்போது அப்படித்தான் தோன்றியது.

உடனே போயிருந்தால்கூடத் தேவலை. ஆனி கடைசியில் முடிவாயிற்று, ஆடி வந்துவிட்டது. ஆடியில் யாரும் வீடு மாற மாட்டார்கள், பால் காய்ச்ச மாட்டார்கள். கதிரேசனுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது, கல்யாணத்தையே மார்கழியில் வைத்தால் மண்டபம் சுலபமாகக் கிடைக்கும் என்று சொன்ன பையன். அவன்தான் முதலில், "ஆடியில வேண்டாம்மா, ஆவணியில நல்ல நாள் பாத்துப் போகலாம்" என்றான். அந்தக் குடியிருப்பில் ஆடி, ஆவணியெல்லாம் பார்ப்பதில்லை, என்றைக்கு வேண்டுமானாலும் வாருங்கள் என்று சொல்லியிருந்தார்கள். ஆக முழுசாக ஒரு ஆடி மாதம், அம்மன் கோவில் கூழுக்கு ஸ்பீக்கர் அலறுகிற ஆடி, நாங்கள் மூன்று பேரும் ஒரே வீட்டில் ஒருவருக்கொருவர் வழிவிட்டு நடக்கிறோம். யாராவது ஒருத்தர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதற்குப் பதிலாக பிருந்தா போய் எனக்கு ஒரு சூட்கேஸ் வாங்கிக்கொண்டு வந்தாள், அடியில் சக்கரம் வைத்தது, இழுத்தால் சத்தமில்லாமல் வரும். "மூட்டு வலிக்கு இதுதான் நல்லது அத்தை." எவ்வளவு அவசரம் பார் என்று எனக்கு நெஞ்சு எரிந்தது. நெல்லிக்காய் ஊறுகாய் போட்டாள், பருப்புப்பொடி திரித்தாள், பாட்டில்களில் பேர் எழுதி ஒட்டினாள், எல்லாம் கட்டிக் கொடுத்து அனுப்புகிற வேகம். சமையல் கட்டில் அடிக்கடி கண்ணைத் துடைத்தாள். வெங்காயம் என்றாள். நானும் வெங்காயம் என்றுதான் எடுத்துக்கொண்டேன். ஒருநாள் சேமியா உப்புமா கிண்டும்போது துடைத்தாள், வெங்காயத்தைக் காணோம். அதை நான் ஏன் பார்த்தும் பார்க்காமல் கூடத்துக்கு வந்தேன்? பார்த்தால் ஏதாவது கேட்க வேண்டியிருக்கும். கேட்டால், ஐயோ அத்தை, அதெல்லாம் இல்லை, நீங்கள் சந்தோஷமாகப் போங்கள் என்று அவள் சொல்லிவிட்டால்? அதற்கு வெங்காயமே மேல்.

விளக்கெல்லாம் போட்டுவிட்டார்கள், முகம் காய்கிறது. நிகழ்ச்சி ஆரம்பித்து எவ்வளவு நேரம் ஆகிறதோ, நான் இங்கே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற அகிலாண்டம் என் தொடையில் தட்டி, "அக்கா, அந்தப் பக்கம் ரொம்ப ஓவராப் போறாங்க, நீங்க நாலு வார்த்தை நல்லாக் குடுக்கணும்" என்கிறாள். அகிலாண்டத்தைக் காலையில்தான் தெரியும், ஆவடிக்காரி, பச்சையும் நீலமும் கலந்த சுங்குடி. அதற்குள் ஃபிளாஸ்க்கில் இருந்து சுக்குக் காபி ஊற்றிக் கொடுத்து, கழுத்து வேர்வைக்கு விசிறிவிட்டு, ஒட்டிக்கொண்டாள். எதிரே சிவப்பும் மஞ்சளுமாக உட்கார்ந்திருக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கே எரிச்சலாக வருகிறது, இதுதான் வேடிக்கை. 'பேரன் பேத்தி மழலை கேக்குற சுகம் வருமா' என்று ஒருத்தி நீட்டி முழக்கினபோது, ஆமா, நீ ஒருத்திதான் சுகத்தைக் கண்டவள் என்று முணுமுணுத்தேன். ஃபிலோமினா எழுந்து, "ஒரு வீடுன்னா நாலு செருப்பு வாசல்ல கெடக்கணும் சார்" என்று சொல்லிக் கைதட்டல் வாங்கினாள். அவள் வாசலில் ஒரே ஜோடி செருப்புதான் கிடக்கும் என்று எனக்குத் தெரியும், எத்தனை ஏக்கத்தோடு சொல்கிறாள் என்று தெரியும். ஆனாலும் எங்கள் பக்கத்துக்கு ஒரு குத்து விழுந்ததாக எனக்குச் சுருக்கென்றது. எங்கள் பக்கமாம்! அந்த நேரத்தில்தான் நடு சோபாவில் இருந்த டாக்டர் நசீமா பேச ஆரம்பித்தார், கல்லூரியில் மனோதத்துவம் நடத்துகிறவராம், சின்னப் பெண்தான், பருத்திப் புடவை. "ஒண்ணு கவனிச்சீங்களா? உங்களைப் புடவை கலர் பாத்துத்தான் பிரிச்சோம். ரெண்டு மணி நேரத்துல நம்ம ஆளு, அவங்க ஆளுன்னு ஆயிடுச்சு. இதுக்குக் காரணமே வேணாம், மனுஷனுக்கு ஒரு கோடு போட்டா போதும்" என்றார். எல்லாரும் சிரித்தோம். ஷைலு கையைத் தூக்கினாள், தட்டினோம். எனக்குப் பள்ளிக்கூடத்து விளையாட்டு விழா நினைவுக்கு வந்தது. சிவப்பு அணி, நீல அணி என்று நான்தான் வரிசையாக ஒன்று, இரண்டு எண்ணச் சொல்லிப் பிரிப்பேன். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே டிபன்பாக்ஸில் தின்ற பிள்ளைகள் மத்தியானம் சட்டையைக் கிழித்துக்கொண்டு வந்து நிற்கும். ஏன்டா அடிச்சே என்றால், அவன் நீலம் டீச்சர் என்று அழும்.

நசீமா விடவில்லை. சின்னப் பெண் எதையும் பாடமாகச் சொல்லாமல் பக்கத்து வீட்டுச் சங்கதி மாதிரி சொல்கிறது. அடுத்தவர் ஒன்று செய்தால் அவர் குணமே அப்படி என்கிறோமாம், அதையே நாம் செய்தால் என்ன செய்வது, நிலைமை அப்படி என்கிறோமாம். அகிலாண்டம் ஆமா ஆமா என்று தலையாட்டினாள். நான் ஆட்டவில்லை. பிருந்தா பேசாமல் இருந்தால் அழுத்தக்காரி, நான் பேசாமல் இருந்தால் பாவம், வாய் திறக்க முடியாத நிலைமை. அவள் சூட்கேஸ் வாங்கினால் அவசரம், நான் அதில் புடவையை அடுக்கிவைத்தால் விதி. அப்புறம் இன்னொன்று சொன்னார். ஒரு குடும்பம். பொங்கலன்றைக்கு உச்சி வெயிலில் கடற்கரைக்குப் போகிறது. அப்பாவுக்குத் தூங்க வேண்டும், ஆனால் பிள்ளைகளுக்கு ஆசை என்று நினைத்துக் கிளம்புகிறார். பிள்ளைகளுக்கு டிவி பார்க்க வேண்டும், ஆனால் அம்மா ஆசைப்படுகிறாள் என்று வருகிறார்கள். அம்மாவுக்குக் கால் வலி, அவர் கூப்பிடுகிறாரே என்று வருகிறாள். மணலில் போய்க் கால் சுட்டு, திரும்பி வந்து ஒருவரை ஒருவர் கடித்துக் குதறும்போதுதான் தெரிகிறது, போக ஒருத்தருக்கும் இஷ்டமில்லை. "ஒவ்வொருத்தரும் மனசுக்குள்ள வேண்டாம்னு வெச்சுக்கிட்டு, மத்தவங்க மூஞ்சியைப் பாத்து சரின்னு சொல்லுவோம். மத்தவங்களும் நம்ம மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டிருப்பாங்க. கடைசியில யாருமே கேக்காத எடத்துக்கு எல்லாரும் போய்ச் சேந்துடுவோம்." மலை தெரியுதே அத்தை. ஆமாம்மா, மலை தெரியுது. அடேயப்பா, மலை. யாருக்கு வேண்டும் அந்த மலை? தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னானே, கூச்சத்தால் இல்லையோ, நான் ஆமாம் என்று சொல்லிவிடுவேனோ என்ற பயத்தால் இருக்குமோ. ஆடியில வேண்டாம்மா. நம்பிக்கையே இல்லாத பையன் எதற்கு ஆடியைப் பிடித்துக்கொண்டான்? வெள்ளக்கோவிலில் காரைவிட்டு இறங்காமல் பிருந்தா என்ன செய்துகொண்டிருந்தாள்? உப்புமாவில் வெங்காயம் இல்லை. ஐயோ, உப்புமாவில் வெங்காயமே இல்லை. இல்லை, இதெல்லாம் எனக்குச் சாதகமாக நானே கட்டிக்கொள்கிறேனோ, படித்த பெண் ஒரு கதை சொன்னால் அதில் போய் என் வீட்டை உட்காரவைக்கிறேனோ. அப்படியே இருந்தாலும் கேட்டுவிட்டால் என்ன? தலையா போய்விடும்? இன்றைக்கே கேட்க வேண்டும். இல்லை, கேட்கவே வேண்டாம், சொல்லிவிட வேண்டும்.

மைக் எனக்கு நேரே வந்துவிட்டது. நெறியாளர் தம்பி சிரித்துக்கொண்டே, "சொல்லுங்கம்மா, உங்க பேரு?" என்கிறார். செண்பகவல்லி, ரிட்டயர்ட் டீச்சர். "தனியா இருக்கிறதுதான் சந்தோஷம்னு ஏன் சொல்றீங்க?" நான் எழுந்து நிற்கிறேன். விளக்குக்குப் பின்னால் ஒன்றும் தெரியவில்லை, ஒரே வெளிச்சம். "எனக்குத் தனியாப் போக இஷ்டமில்ல தம்பி" என்கிறது என் வாய். "எனக்கு என் மகனோடயும் மருமகளோடயும் இருக்கணும். நான் அதை அவங்ககிட்ட சொல்லவே இல்ல. அவங்க என்னப் போகச் சொல்லல, நானாத்தான்..." அவ்வளவுதான், அதற்குள் எங்கோ "கட்" என்று கேட்டது. எவ்வளவு லேசாக இருந்தது அந்தக் கொஞ்ச நேரம்! ஷைலு ஓடி வந்து என் தோளைத் தொட்டாள், அன்பாகத்தான். "அம்மா, சூப்பராப் பேசுனீங்க, ஆனா இது அந்தப் பக்கத்துப் பாயிண்ட்டு. நீங்க இந்தப் பக்கம். நீங்களே இப்படிச் சொன்னா உங்க சைடு வீக் ஆயிடும்ல, இன்னொரு வாட்டி போலாமா?" திரும்பிப் பார்க்கிறேன். பச்சையும் நீலமுமாக எல்லா முகமும் என்னையே பார்க்கின்றன. "என்னக்கா, இப்படிக் கவுத்துட்டீங்களே" என்கிறாள் அகிலாண்டம், கோபமில்லாமல், மனசு விட்டுப்போய். சுக்குக் காபி கொடுத்தவள். எனக்கு வெட்கமாகிவிட்டது. காலையில் பார்த்த முகங்களுக்கு முன்னால், வீட்டில் ஒரு மாதமாகப் படாத வெட்கம். டாக்டர் நசீமா சொல்லுவார், அவருக்குப் புரிந்திருக்கும், இப்போதுதானே சொன்னார் என்று சோபாவைப் பார்த்தேன். அவர் குனிந்து, முந்தானையிலிருந்து நழுவின மைக்கைத் திருப்பிக் குத்த இன்னொரு பெண்ணோடு போராடிக்கொண்டிருந்தார், பாவம், ஒன்றும் கேட்டிருக்காது. மறுபடி மைக். மறுபடி அதே சிரிப்பு. "சொல்லுங்கம்மா, ஏன் தனியா இருக்கிறது சந்தோஷம்?" நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். வகுப்புக்குள் நுழைகிற குரல் தானாக வந்துவிட்டது. "என் மகனும் மருமகளும் தங்கமானவங்க தம்பி. அதுல ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனா தங்கம்னாலும் ராத்திரி கழட்டி வெச்சுட்டுத்தான படுக்கணும்? காசுமாலையப் போட்டுக்கிட்டுத் தூங்குனா கழுத்துதான புண்ணாகும்?" கூடமே அதிர்ந்தது. ஷைலு கையைத் தூக்கக்கூட இல்லை. அகிலாண்டம் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். எதிர்ப்பக்கத்துக்காரிகள்கூடத் தட்டினார்கள். நெறியாளர் எழுந்து கும்பிட்டார். ஃபிலோமினா மட்டும் தட்டாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு என்ன தோன்றியது தெரியுமா, சொல்லவே நாக்கூசுகிறது, சந்தோஷமாக இருந்தது. உடம்பெல்லாம் குளிர்ந்துபோகிற சந்தோஷம், ரிட்டயர் ஆன அன்றைக்குக் கூட இவ்வளவு பேர் தட்டவில்லை. உட்கார்ந்த பிறகு, சொன்னதும் உண்மைதானே, ஒரு விதத்தில் பார்த்தால் தனியாக இருப்பதிலும் ஒரு சௌகரியம் இருக்கத்தானே செய்கிறது, காலையில் நினைத்தபோது எழுந்து காபி போட்டுக்கொள்ளலாம், மலை வேறு தெரியும், என்று நானே எனக்கு அடுக்க ஆரம்பித்தேன். முகத்தில் வேர்வையைத் துடைத்தபோதுதான் இடுப்பில் அந்த ஊக்கு கையில் பட்டது.

வேனில் ஏற்றிவிட்டார்கள். ஆளுக்கொரு டிபன் பொட்டலம் மடியில். கோயம்பேட்டைத் தாண்டவில்லை, வண்டி நகர மாட்டேன் என்கிறது. ஃபிலோமினா என் பக்கத்தில் உட்காராமல் முன்சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். ஏறும்போது மட்டும், "முதல்ல சொன்னதையே சொல்லியிருக்கலாம் டீச்சர். இந்தப் பக்கம் வந்து உக்காருங்கன்னு நான் கையக் காட்டினேன், நீங்க பாக்கல" என்றாள். விளக்குக்குப் பின்னால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை என்று சொன்னேன். இந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை டிவியில் வருமாம், அது ஆவணிக்கு முன்னாலேயே. கதிரேசனும் பிருந்தாவும் சோபாவில் உட்கார்ந்து பார்ப்பார்கள், நடுவில் நான் இருப்பேன். என் மகனும் மருமகளும் தங்கமானவர்கள். கழுத்துதான் புண்ணாகும். அவன் சிரிப்பான், நான் எதிர்பார்க்கிறேன் என்று நினைத்துச் சிரிப்பான். பிருந்தா எழுந்து சமையல் கட்டுக்குள் போவாள். அதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும். வீட்டுக்குப் போகும்வரைகூடக் காத்திருக்கக் கூடாது, வாசலில் அவள் கதவைத் திறந்து என் முகத்தைப் பார்த்தால் மறுபடி பல்லைக் காட்டிவிடுவேன். போனிலேயே சொல்லிவிட வேண்டும், முகம் தெரியாது. என்ன சொல்ல? ஏம்மா பிருந்தா, நான் போகல. அவ்வளவுதான். நாலு வார்த்தை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லும். வாய்க்குள் சொல்லிப் பார்க்கிறேன். நான் போகல. நான் போகல. கைப்பையைத் திறப்பதற்குள் போன் அடிக்கிறது, அவளேதான். "அத்தை, எங்க வர்றீங்க? சாப்பிட்டீங்களா? கால் வலிக்குதா?" மூன்று கேள்வி ஒரே மூச்சில், இவளையா அழுத்தக்காரி என்றேன். "ஏம்மா பிருந்தா" என்கிறேன். "சொல்லுங்க அத்தை." வண்டி குலுங்குகிறது. "என்ன பேசுனீங்க அத்தை? நல்லாப் பேசுனீங்களா?" "அதாம்மா சொல்ல வந்தேன், நான்..." அதற்குள் பக்கத்துச் சீட்டில் இருந்த அகிலாண்டம் என் தோளில் சாய்ந்து, போனுக்கு நேரே வாயை வைத்து, "யாரு, மருமகளா? ஏம்மா, உங்க அத்தை கலக்கிட்டாங்கம்மா! தனியா இருக்கிறதுதான் சந்தோஷம்னு போட்டாங்க பாரு ஒரு போடு, எங்க சைடுதான் ஜெயிச்சுது!" என்று கத்துகிறாள். பின்சீட்டில் இருந்தவர்களும் ஓ என்று சத்தம் போடுகிறார்கள். நான் போனைக் காதோடு அழுத்திக்கொள்கிறேன். அந்தப் பக்கம் ஃபேன் சுற்றுகிறது, அது கேட்கிறது. அப்புறம் மூக்கை உறிஞ்சுகிற மாதிரி ஒன்று கேட்கிறது, சாயங்காலம் இந்நேரம் அவள் அடுப்படியில் இருக்க மாட்டாள், வெங்காயம் நறுக்க மாட்டாள். சொல், செண்பகம், இப்போது சொல். "அப்படியா அத்தை" என்கிறாள், குரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நான் மலையைப் பார்த்துப் பேசினேனே, அதே குரலில். "உங்களுக்குப் பிடிச்சிருந்தா சரிதான் அத்தை. எல்லாரும் கைதட்டினாங்களா?"

"தட்டினாங்கம்மா" என்றேன். "ரொம்ப நேரம் தட்டினாங்க."